செல்லுலார் சிறையில் கோபுரத்தை விட்டுத் தாழ்ப்பாளைப் பாருங்கள்

அந்தமான் செல்லுலார் சிறை என்றாலே நடுக் கோபுரத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1791இல் முன்வைத்த வட்டச் சிறையோடு ஒப்பிடவும் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெந்தத்தின் திட்டத்தில் அறையின் பின்சுவரில் ஜன்னல். அந்த வெளிச்சத்தில் கைதியின் ஒவ்வோர் அசைவும் நடுவில் இருப்பவனுக்குத் தெரியும். செல்லுலார் சிறைக் கோபுரத்தில் நின்றால் தெரிவது தாழ்வாரங்கள்தான்.

அங்கே மனிதர்களை அடக்கியவை வேறு. 1896 முதல் 1906 வரை கட்டிய ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒன்றின் முகப்புக்கு எதிரே அடுத்ததன் முதுகு, அதனால் எதிர்க் கைதியின் முகமே தெரியாது. அறை பதின்மூன்றரைக்கு ஏழரை அடி. காற்றுத் துவாரம் ஆள் உயரத்துக்கு மேலே. தாழ்ப்பாள் கம்பிக் கதவைத் தாண்டி நீண்டு, வெளிச்சுவரில் குடைந்த குழிக்குள் போய் உட்காரும். உள்ளிருந்து எவ்வளவு கை நீட்டினாலும் எட்டாது.

அதைவிடக் கொடியது செக்கு. நாளுக்கு 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்கும் மேல் தேங்காய் எண்ணெய் ஆட்டியாக வேண்டும். பக்கத்தில் நின்று யாரும் பார்க்கவே வேண்டாம், மாலையில் எடை போட்டால் போதும். குறைந்தால் அடி, நின்றபடி கைவிலங்கு, கஞ்சி மட்டும். மேற்பார்த்த வார்டர், பெட்டி ஆபீசர் என்ற கீழ்நிலைக் காவலர்களும் கைதிகளே. இரக்கம் காட்டினால் பதவி போய், அவர்களே மறுபடி கடின வேலைக்குப் போகவேண்டும். அங்கே கைதியாக இருந்த வங்கப் புரட்சியாளர் இந்து பூஷண் ராய் 1912இல் அறைக்குள் தூக்கிட்டு இறந்தார். அவரைப் போன்ற இன்னொரு கைதி உல்லாஸ்கர் தத்தாவுக்கு மனம் பேதலித்தது.

இன்றைக்குச் சிறையில் கேமரா வைப்பதையே பெரிய சீர்திருத்தமாகப் பேசுவதைக் கேட்டால் கோபம் வருகிறது. யாருக்கு எந்த வேலை, யாருக்கு மனு மறுப்பு, யார் தனி அறைக்குப் போகிறார் என்பதெல்லாம் கேமராவில் பதிவாகாது. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 46ஆவது பிரிவில், குற்றம் சாட்டுவது சிறை, விசாரிப்பதும் தண்டிப்பதும் அதே சிறையின் கண்காணிப்பாளர். தண்டனைப் பதிவேட்டை எழுதுவதும் அவர்கள்தான்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பரிலேயே வழி சொல்லிவிட்டது. சக கைதி ஒருவர் சித்திரவதைப்படுவதைச் சொல்லி சுனில் பத்ரா திகார் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் பிறந்த தீர்ப்பு அது. தனிமைச் சிறை, கடின வேலை, உணவு மாற்றம் எதையும் தண்டனையாகக் கொடுக்க செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை வேண்டும். அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கேமரா எண்ணிக்கையை அறிவிக்கும் ஒவ்வொரு மத்தியச் சிறையும், ஓர் ஆண்டில் எத்தனை தண்டனைகள் அப்படி நீதிபதியிடம் போயின, அவற்றில் எத்தனையை அவர் ரத்து செய்தார் என்பதையும் வெளியிட வேண்டும்.