கோயில் பணம் ‘அரசு மதம்’ ஆகாது

நாகர்கோவில் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “அரசியல் சாசனத்தின் 290ஏ பிரிவின்படி குமரிக் கோயில்களுக்குத் தமிழக அரசு பணம் தருகிறது, ஆகவே மாநிலம் தனக்கென ஒரு மதத்தை அறிவிக்கலாம்.”

முதல் பாதி உண்மைதான். ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய். ஆனால் அது பழைய கணக்கு. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது திருவிதாங்கூர் அரசு கோயில் நிலங்களை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாகக் கோயில்களுக்குப் பணம் தரும் பொறுப்பு வந்தது. அதில் ஒரு பங்குதான் 1956இல் குமரி மாவட்டத்தோடு சேர்ந்து தமிழகத்தின் தலையில் விழுந்தது.

மறுபாதி கலப்படமில்லாத பொய். 1750இல் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். அவர் மன்னர், கேட்பார் இல்லை. இன்றோ மதச்சார்பின்மை சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்று 1994இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. அதைக் குலைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றமே கொண்டுவந்தாலும் செல்லாது. சட்டமன்றத் தீர்மானம் எம்மாத்திரம்?