இரண்டு சிகரத்துக்கு நடுவில் நேர்வழி தேடாதீர்கள்

வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து இமயமலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் ஆகிவிட்டார்கள், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். தடா அருவிக்கும் நாகலாபுரத்துக்கும் பைக்கில் போய் வருவதே பெரிய பயணமாக இருந்த ஏரியா இது. இன்று ஹவுசிங் போர்டு மாடிப்படியில் முதுகுப்பையில் தண்ணீர் கேனைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ஏறி இறங்குகிறார்கள். அந்த உழைப்பைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், யாரையும் தடுப்பதற்காக இல்லை.

சில வாரங்களாக எங்கள் வட்டத்தில் ஒரு திட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்குக்கு மேலே காங் யாட்சே ஒன்று, இரண்டு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிகரங்கள். முதலாவது சுமார் 6400 மீட்டர், இரண்டாவது சுமார் 6250. "ரெண்டாவதுல ஏறிட்டு அப்படியே முகட்டைப் பிடிச்சு ஒண்ணாவதுக்குப் போயிடலாம்ணா, கீழ இறங்கி மறுபடி ஏறுறது வேஸ்ட்" என்கிறான் ஒரு தம்பி. மேப்பில் பார்த்தால் விரல் அகலம்தான், யாரோ ஏற்றி வைத்த ஜிபிஎஸ் கோடும் கையில் இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு ட்ரெக்கிங் நிறுவனம் வேறு, பெயர் வேண்டாம், "ஒரே பயணத்தில் இரண்டு சிகரம்" என்று விளம்பரம் போட்டு, வழி எது என்று கேட்டால் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் சொல்கிறது. அங்கே போய்ப் பார்ப்பது பனியை. வழியை இங்கே இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும்.

இரண்டு உயரமான சிகரங்களுக்கு நடுவில் பாதுகாப்பான வழி பெரும்பாலும் கீழே இறங்கித்தான் போகும். எவரெஸ்டையே பாருங்கள். 8848.86 மீட்டர் எவரெஸ்ட், பக்கத்திலேயே 8516 மீட்டர் லோட்சே, நடுவில் சுமார் 7900 மீட்டரில் சவுத் கோல் என்கிற கணவாய். ஒரே சீசனில் இரண்டிலும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே நாள் இடைவெளியில் ஏறினவர்களும் உண்டு. அவர்கள் கணவாயிலிருந்து முகட்டைப் பிடித்து நேராக லோட்சேக்குப் போவதில்லை. ஜெனீவா ஸ்பர் என்கிற பாறைத் திட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, லோட்சேயின் கடைசி முகாமுக்கு வந்து, அங்கிருந்து தனியாக இன்னொரு பனி ஓடை, அதாவது பாறைகளுக்கு நடுவில் பனி நிறைந்த செங்குத்தான இடுக்கு, வழியாக ஏறுகிறார்கள். அந்த ஓடை குறுகலானது, மேலிருந்து கல் விழும், ஆனாலும் கயிறு கட்டிய, எல்லோருக்கும் தெரிந்த வழி. உலகத்திலேயே அனுபவம் கூடின ஷெர்பாக்கள் போகிற விதம் இது. நாம் கடல் மட்டத்திலிருந்து கிளம்பிப் போகிறவர்கள், இறங்கி ஏறுவதில் என்ன குறைச்சல்?

முகட்டு வழி ஏன் ஆபத்து என்றால், முதலில் கார்னிஸ். காற்று ஒரு பக்கமிருந்து அடித்து அடித்து மறுபக்கத்தில் பனியை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கட்டி வைத்திருக்கும். மேலே நிற்கிறவனுக்கு அது திடமான தரை மாதிரிதான் தெரியும், அடியில் வெறும் காற்று. உடையும்போது விளிம்பில் மட்டும் உடையாது, நாம் நினைப்பதைவிட உள்ளே தள்ளி உடையும். நங்க பர்பத்தில் முதலில் ஏறிய ஹெர்மன் புல், 1957 ஜூனில் பிராட் பீக்கில் முதல் ஏற்றம் முடித்த சில வாரத்தில், சோகோலிசா என்கிற மலையின் முகட்டில் இப்படித்தான் இறந்துபோனார். பார்வை மறைத்த மோசமான வானிலையில் திரும்பி இறங்கும்போது, முன்னால் போனவரின் கால் தடத்தைவிட்டு விலகி விளிம்புப் பக்கம் போய்விட்டார், பனி உடைந்துவிட்டது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மலையேறிகளில் ஒருவர் அவர்.

நம் நாட்டிலேயே நந்தாதேவி இருக்கிறது. 7816 மீட்டர் முதன்மைச் சிகரம், 7434 மீட்டர் கிழக்குச் சிகரம், இரண்டையும் இணைக்கிற நீண்ட முகடு. 1951ல் ரோஜே டூப்லா, ஜில்பேர் வின்யே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முகட்டு வழியாகப் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். காணாமல் போனார்கள். அவர்களைத் தேடித்தான் டென்சிங் நோர்கே, அதே பிரெஞ்சுக் குழுவின் லூயி டூபோவுடன் கிழக்குச் சிகரத்தில் ஏறினார். எவரெஸ்டில் ஏறிய டென்சிங், தன் வாழ்க்கையிலேயே கடினமான ஏற்றம் அதுதான் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த முகட்டைக் கடைசியில் 1976ல் இந்திய ஜப்பானியக் குழு கடந்தது, பெரிய குழு, பெரிய ஏற்பாடு. வார விடுமுறையோடு நான்கு நாள் லீவு சேர்த்துப் போகிறவர்கள் எடுத்துப் பேச வேண்டிய உதாரணமா அது?

கார்னிஸைவிட எனக்குப் பயம் தருகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நம் பிள்ளைகள் யாரும் பேசுவதில்லை. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்தாலோ மூளை வீங்கினாலோ முதல் மருந்து கீழே இறங்குவதுதான். மாத்திரை, ஆக்சிஜன் எல்லாம் அதற்குத் துணை. ஏறின வழியிலேயே இறங்குகிறவனுக்கு ஒவ்வொரு அடியும் சிகிச்சை. முகட்டின் நடுவில் மாட்டியவனுக்கோ இறங்க வழியே இருக்காது, எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறியாக வேண்டும். தள்ளாடுகிற ஒருவனைக் கயிற்றில் கட்டி, இரண்டு பக்கமும் சரிவு, மேல் நோக்கி இழுத்துக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். 3000 மீட்டருக்கு மேலே தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்கிற விதிமுறையை நம் பயணத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

அப்புறம் அந்த ஜிபிஎஸ் கோடு. அது அந்த வருடத்து, அந்த வாரத்துப் பனியின் மேல் போட்ட கோடு. காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள், நேற்று படகு போன திசையை வைத்து இன்றைக்கு யாரும் கடலுக்குள் போக மாட்டார்கள், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் போவார்கள். எவரெஸ்டுக்கு ஏறும் வழியில் உடைந்து நகர்கிற பனிக்கட்டிப் பகுதியான கும்பு பனியருவியில் 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் மேற்குத் தோளிலிருந்து பனிக்கட்டி சரிந்து நேபாளத் தொழிலாளர்கள் 16 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே வழியை இடது பக்கத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார்கள், நடு வழி கஷ்டம், நேரமும் அதிகம் என்று தெரிந்தே மாற்றினார்கள். பழைய ஜிபிஎஸ் கோட்டை வைத்திருப்பவன் கையில் இருப்பது அந்தச் சரிவுக்குக் கீழே போகிற வழி. நமக்கும் இது புதிதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதில் சென்னையிலிருந்து போனவர்கள் எத்தனை பேர். வேறு மாதத்தில் பச்சையாக இருக்கிற அதே மலைதான் அது.

சரிவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பனிச்சரிவு அதிகமும் கிளம்புவது 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுகளில், அதாவது நமக்கு ஏறுவதற்கு வசதியாகத் தெரிகிற சரிவுகளில். சிக்கினவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டதே அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான். புதுப்பனி விழுந்து ஒன்றிரண்டு நாள் ஆகாமல், காற்று பனியைக் கொண்டுவந்து குவித்த பக்கத்தில், கால் வைத்தால் 'வும்ப்' என்று அமுங்குகிற இடத்தில் குறுக்கே கடப்பது வேண்டவே வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த இடங்களைத் தாண்டித் திரும்பியிருக்க வேண்டும், அதனால்தான் நள்ளிரவில் கிளம்பச் சொல்கிறார்கள்.

எங்கள் தம்பிகளிடம் நான் சொன்னது இதுதான். காங் யாட்சே இரண்டு நடந்து ஏறுகிற வகை, அதில் ஏறுங்கள், ஏறின வழியிலேயே பேஸ் கேம்புக்கு இறங்குங்கள், தூங்குங்கள். ஒன்றாவது சிகரம் கயிற்று வேலை தெரிந்தவர்களுக்கானது, அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு இன்னொரு வருடம், அதற்கென்று இருக்கிற வழியில் போகலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த வழியில் ஏறுவோம், எந்த இடத்திலிருந்து எப்படி இறங்கலாம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதை முடிவு செய்கிற கைடு யார். பதில் வரவில்லையென்றால் அந்த நிறுவனம் வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் மணாலியிலோ உத்தரகாசியிலோ முறையாக மலையேற்றப் பயிற்சி முடித்த வடசென்னைக்காரர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் உட்கார்ந்து மேப்பை விரித்து இவர்களோடு பேச வேண்டும்.