பெர்முடா

(இடம்: மண்டபம், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புது வீட்டு வாசல். பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் தம்பி. பாம்பனிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மீன்கார அக்கா.)

தம்பி: இன்றைக்கு மீன் வேண்டாம் அக்கா. வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பையன் எழுந்ததும் எழாததுமாகப் புல்லை உள்ளே தள்ளிவிட்டு வாந்தி எடுத்துவிட்டான்.

அக்கா: ஃபுல்லா? காலையிலேயேவா? கடையே 12 மணிக்குத்தானே திறக்கிறான்!

தம்பி: கடை எதற்கு? வாசலிலேயே இருக்கிறதே.

அக்கா: வாசலுக்கே வந்துவிட்டதா! இது என் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டாம். தண்ணி கலந்தானா?

தம்பி: எங்கே கலந்தான்? பச்சையாகத்தான். தண்ணி எல்லாம் அப்புறம்தான் குடித்தான்.

அக்கா: ராவாக ஒரு ஃபுல்! என்ன வயசு இருக்கும்?

தம்பி: வருகிற மாசிக்கு மூன்று.

(அன்னக்கூடை தரையில் இறங்கிவிட்டது. இனி அடுத்த வீடுகளுக்கு மீன் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.)

அக்கா: அந்தோணியாரே! மூணு வயசுப் பிள்ளைக்கா! உன் பெண்டாட்டி என்ன செய்கிறாள்?

தம்பி: அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காதைத் தடவிக்கொடுத்தால் சங்கிலியை இழுக்காமல் படுத்துக்கொள்கிறான்.

அக்கா: சங்கிலியா? (கேட் வழியாக எட்டிப் பார்த்து) அடச்சீ, நாயா!

தம்பி: மெதுவாக அக்கா. நாய் என்று சொன்னால் டைசனுக்குப் புரியும்.

அக்கா: புரியட்டும். எத்தனை நாளைக்குத்தான் மறைப்பீர்கள்? அப்போ ஃபுல் இல்லை, புல். உங்கப்பாவும்தான் தினமும் ஒரு டம்ளர் நிறையப் பச்சையாக எதையோ வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

தம்பி: அது அருகம்புல் ஜூஸ். சர்க்கரைக்கு நல்லது என்று குடிக்கிறார்.

அக்கா: அவர் குடித்தால் மருந்து, இது தின்றால் நோயா?

தம்பி: நாய்க்குப் புல் செரிக்காது அக்கா. நான்தான் துடைத்தேன். வெள்ளை நுரை, நடுவில் நாலைந்து இழை. கத்தரித்துப் போட்ட மாதிரி முழுசாக அப்படியே கிடந்தது.

அக்கா: செரித்தால் அதுக்குப் பேர் மாடு. இதுக்குப் போய் வீட்டில் உலை வைக்கவில்லையா?

தம்பி: காலையிலிருந்து போனில் படித்துக்கொண்டேதான் இருக்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். நாய் வளர்க்கிறவர்கள் 1,500 பேருக்கு மேல் கேட்டார்களாம். 68 சதவீதம் பேர், எங்கள் நாய் தினமுமோ வாரம் ஒருமுறையோ புல், செடி தின்கிறது என்றிருக்கிறார்கள். தின்றதும் வாடிக்கையாக வாந்தி எடுப்பது 22 சதவீதம்தான். தின்பதற்கு முன்னாலேயே உடம்பு சரியில்லாமல் தெரிந்தது 8 சதவீதம்.

அக்கா: இதைக் கேட்கக் கலிஃபோர்னியா வரை போனார்களா? பாம்பன் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால் போதுமே.

தம்பி: போகவில்லை அக்கா, அவர்கள் இருப்பதே அங்கேதான்.

அக்கா: பாவம். இங்கே பார், இந்தக் கரையில் புல் தின்று செத்த நாயை நான் பார்த்ததில்லை. பேத்தை மீனைத் தின்று செத்ததைப் பார்த்திருக்கிறேன். வலையில் வந்தால் யாருக்கும் வேண்டாம் என்று மணலிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். வயிறு ஊதிப் பந்து மாதிரி கிடக்கும். ஈரலிலும் முட்டையிலும் விஷம், வேக வைத்தாலும் போகாது. எங்கள் தெரு நாய் மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டும். உன் பையன் பந்து என்று வாயில் கவ்வுவான். அப்புறம் அறுந்த தூண்டில் முள், நைலான் வலைத் துண்டு. நீ ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அவிழ்த்து விட்டுவிட்டு செல்ஃபி எடுத்தாயே, அன்றைக்குப் பயந்திருக்க வேண்டும். அது சரி, இந்த மணலில் புல் எப்படி முளைத்தது?

தம்பி: முளைக்கவில்லை, வாங்கினோம். பெர்முடா. பாய் மாதிரி சுருட்டி லாரியில் வந்தது. சதுர அடி 35 ரூபாய்.

அக்கா: பெர்முடா என்பது நீ போட்டிருக்கிற அரைக்கால் டவுசர் இல்லையா?

தம்பி: அது வேறு. இது புல்.

அக்கா: (குனிந்து ஒரு கொடியைக் கணுவோடு இழுத்து) தம்பி, இது அருகம்புல்.

தம்பி: பெர்முடா அக்கா.

அக்கா: கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கிறது. நுனியில் பூ கோழிக்கால் மாதிரி பிரிந்திருக்கிறது. உப்பூர்ப் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்.

தம்பி: (போனைத் தடவி, வெகு நேரம் கழித்து) இரண்டும் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது. அப்பா முதல் நாளே சொன்னார், நான்தான் நம்பவில்லை.

அக்கா: வரப்பில் சும்மா கிடந்ததற்கு டவுசரை மாட்டி 35 ரூபாய்க்கு அனுப்பிவிட்டான். இதற்கு நிஜமாகவே ஃபுல் வாங்கியிருக்கலாம். தண்ணி?

தம்பி: வாரம் ஒரு லாரி.

அக்கா: லாரியா?

தம்பி: போர் தண்ணி உப்பு. ஊற்றினால் ஓரம் கருகுகிறது.

அக்கா: எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு, உப்பில்லாத ஊற்று தேடி வெயிலுக்கு முன்னால் கிளம்புகிறோம். காவிரித் தண்ணி குழாயில் வருகிற அன்றைக்கு நான் வியாபாரத்துக்கே வருவதில்லை. விலைக்கு வாங்கினால் குடம் 10 ரூபாய். இரண்டு நாளைக்கு முன்னால் காரல் ஒரு கூறு 100 ரூபாய் என்றதற்கு, 80-க்குத் தருவாயா என்று இதே வாசலில் கால் மணி நேரம் நின்றாய்.

(தம்பி டவுசர் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை.)

அக்கா: போகட்டும். நாய் எதற்காகப் புல் தின்கிறதாம்? அதைப் படித்தாயா?

தம்பி: ஓநாய்கூடத் தின்னுமாம். குடலில் இருக்கிற புழுவைத் தள்ளிவிட அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அக்கா: அதைச் சொல். பூச்சி மருந்து போட்டாயா?

தம்பி: ஓ, போன ஞாயிற்றுக்கிழமை போட்டேனே.

அக்கா: எவ்வளவு?

தம்பி: பத்து லிட்டர் தண்ணிக்கு இரண்டு மூடி.

அக்கா: ஒரு நாய்க்குப் பத்து லிட்டரா!

தம்பி: நாய்க்கு எதற்கு? புல்லுக்கு. அதில்தான் பூச்சி விழுந்திருந்தது.

(காரல் மீன்மேல் ஈ உட்கார்ந்தது. அக்கா விரட்டவில்லை.)

அக்கா: நாய்க்கு?

தம்பி: அதற்கும் போட வேண்டுமா?

அக்கா: வயிற்றில் பூச்சி இருக்கிறதோ என்னவோ நாய்க்கு, மருந்து புல்லுக்கு! கலிஃபோர்னியாக்காரன் எழுதியதை எல்லாம் படித்தாய், கையில் பிடித்திருந்த டப்பாவில் எழுதியதைப் படித்தாயா?

தம்பி: எழுத்து பொடியாக இருந்தது அக்கா.

அக்கா: புல்லால் ஒன்றும் ஆகாது, புல்மேல் நீ அடித்ததுதான் வில்லங்கம். கிளம்பு, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. அந்த டப்பாவையும் எடுத்துக்கொள். எதை அடித்தாய் என்று தெரியாமல் அவர் எதைப் பார்த்து வைத்தியம் செய்வார்? இனி அவிழ்த்துவிட்டால் வெளியே மருந்தடிக்காத வரப்புப் பக்கம் விடு.

தம்பி: இதோ, கார் சாவி...

அக்கா: நில். மருந்தடித்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

தம்பி: டைசனுக்குத்தான் தெரியாது.

அக்கா: உங்கப்பாவுக்கு?

தம்பி: அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. அவருக்கு எதற்கு அக்கா, அவர் என்ன புல்லா...

அக்கா: ஜூஸுக்குப் புல் எங்கே வாங்குகிறார்?

தம்பி: முன்னால் சந்தையில் வாங்குவார். இப்போது வாங்குவதில்லை, இங்கேயே...

அக்கா: உள்ளே மிக்சி ஓடுகிற மாதிரி இருக்கிறதே.

(தம்பி ஓடினார். ஒரு செருப்பு பெர்முடாவிலேயே நின்றுவிட்டது.)

அக்கா: (கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே) டேய் தம்பி! டாக்டர் இரண்டு, டப்பா ஒன்று! போட்டோ எடுத்துக்கொள்!