அடாப்டர்… அடாப்டர்… அடாப்டர்!

இந்த கிட்டார் சத்தத்தை மாத்திற எஃபெக்ட்ஸ் பெடல், சத்தத்தைப் பதிஞ்சு திரும்ப வாசிக்கிற சாம்ப்ளர் எல்லாம் செய்யிற ஆக்கள் எல்லாரும் ஒரு நாள் இருந்து கதைச்சு ஒரே மாதிரி பவர் பிளக் வைக்க ஏலாதா? முக்கால்வாசிப் பெடலுக்கு 9 வோல்ட், ஊசிக்கு நடுவில நெகட்டிவ். சரி. ஆனா வீட்டில கிடக்கிற ரவுட்டர் அடாப்டரில நடுவில பொசிட்டிவ், பிளக்கோ அச்சு அசல் அதே பிளக், இருட்டில மாறிக் குத்தினா பெடல் முடிஞ்சுது.

போன சனி கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில வேர்த்து வழிய கடை கடையா ஏறி இறங்கினன், ஒவ்வொரு கடையிலயும் "தம்பி எல்லாம் ஒண்டுதான், போடுங்க" எண்டினம். எப்பிடி ஒண்டாகும்? சத்தத்தைக் கரகரப்பாக்கிற டிஸ்டோர்ஷன் பெடலுக்கு சில மில்லிஅம்பியர் கரண்ட் காணும், எதிரொலி மாதிரி குடுக்கிற டிஜிட்டல் ரிவேர்ப் சிலதுக்கு 300 வரைக்கும் வேணும், குறைஞ்சா லைட் மினுங்கி மினுங்கி செத்துப்போகும்.

வெள்ளவத்தையில ஒரு சின்ன ரூமில பிராக்டிஸ். ஒரே அடாப்டரில நாலு பெடலும் சாம்ப்ளரும் கொழுவினதுதான், ஸ்பீக்கருக்குள்ள நுளம்பு புகுந்த மாதிரி ஙீஈஈ எண்டு ஒரு சத்தம். சாம்ப்ளரைக் கழட்டினா நிக்குது, போட்டா திரும்ப வருது. அதோட எர்த் சரியில்லாத பிளக் பொயின்ட், கரண்டின்ர 50 ஹெர்ட்ஸ் ம்ம்ம் சத்தம் தனி. மிருதங்கத்தை சாம்பிள் எடுத்தா மிருதங்கத்துக்குப் பின்னால கரண்டும் சேர்ந்து பாடுது! தனித்தனியா பிரிச்சுக் குடுக்கிற நல்ல பவர் சப்ளை வாங்கலாம் எண்டு விலை கேட்டா பெடலை விட அது கூட. பாட்டு எப்ப வாசிக்கிறது, வயர் எப்ப பிரிக்கிறது, சொல்லுங்கோ?