ஓடுபாதையில் உயரம் அளக்கும் நாடா எதற்கு?

போன சனிக்கிழமை அக்கா மகள் ஓடுவதைப் பார்க்க மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். பதினான்கு வயதுக்கு உட்பட்ட மாணவியருக்கான 100 மீட்டர். அவளுக்கு ஐந்தாவது தடம். பக்கத்துத் தடத்தில் நின்ற பெண்ணின் தோள் உயரம்தான் இருந்தாள். எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தந்தை தன் நண்பரிடம் ஆற்றாமையோடு சொன்னார்: "குத்துச்சண்டையில் எடை பார்த்துப் பிரிக்கிறார்கள், மல்யுத்தத்தில் பிரிக்கிறார்கள். ஓட்டத்தில் மட்டும் நெட்டையையும் குட்டையையும் ஒரே கோட்டில் நிறுத்துவது என்ன நியாயம்?"

உசைன் போல்ட் ஓடிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் சரி என்றுதான் தோன்றும். போல்ட்டின் உயரம் 1.95 மீட்டர். 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் அவர் 9.58 விநாடியில் உலக சாதனை படைத்தபோது நூறு மீட்டரையும் ஏறக்குறைய 41 காலடிகளில் கடந்தார். மற்ற முன்னணி வீரர்கள் பலருக்கு 44, 45 தேவைப்படும். உயரம்தான் வென்றது, ஆகவே உயரவாரியாகப் பிரித்துவிடலாம் என்று முடிவு கட்டுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு தவறு என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

போல்ட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2007 வரை அவர் 200 மீட்டர் வீரர். 100 மீட்டர் ஓட ஆசைப்பட்டவரை 400 மீட்டர் பக்கம் திருப்பத்தான் பயிற்சியாளர் கிளென் மில்ஸ் விரும்பினார். இவ்வளவு நெடிய உடம்பு குனிந்த நிலையிலிருந்து எழுந்து வேகம் பிடிக்க நேரமாகும், நூறு மீட்டரில் அதை ஈடுகட்ட முடியாது என்பதுதான் அன்றைய பொது எண்ணம். 200 மீட்டரில் ஜமைக்காவின் தேசிய சாதனையை முறியடித்தால் 100 ஓடலாம் என்று இருவருக்கும் ஒப்பந்தம். டான் குவாரி 1971இல் வைத்த சாதனையை 2007 ஜூனில் 19.75 விநாடியில் போல்ட் உடைத்தார். அடுத்த மாதமே 100 ஓடினார். ஓராண்டுக்குள் உலக சாதனை அவர் கையில்.

2006இல் யாராவது உயரத்தை வைத்துப் பிரிவு வகுத்திருந்தால், நெட்டையானவர்களைப் பாவம் பார்த்துத்தானே தனியாக ஓட விட்டிருப்பார்கள்? எந்த உடம்புக்கு ஆதாயம் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் பிரிவுக்கு அர்த்தம். விரைவோட்டத்தில் அந்தக் கணிப்பு எத்தனை தடவை பொய்த்திருக்கிறது!

பெய்ஜிங் 2008 என் கண்ணை விட்டு அகலவே இல்லை. ஆகஸ்ட் 16 இரவு பறவைக்கூடு அரங்கில் போல்ட் 9.69இல் தங்கம் வென்றார். மறுநாள் இரவு அதே ஓடுபாதையில் அதே ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர் மகளிர் 100 மீட்டரை 10.78இல் வென்றார். அவருடைய உயரம் 1.52 மீட்டர். ஐந்தடிதான். அன்று தொலைக்காட்சி முன்னால் எழுந்தே நின்றுவிட்டேன். ஏனென்றால் என் உயரமும் அதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் நானும் 100 மீட்டர் ஓடினேன். பள்ளியில் இரண்டாவதாக வந்தேன். அந்த ஆண்டு வந்த உடற்கல்வி ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குக் கால் நீளம் போதாதம்மா, 1500இல் பெயர் கொடு" என்றார். என் நேரத்தை அவர் பார்க்கவே இல்லை. நான் 1500 ஓடினேன், பிடிக்கவில்லை, பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். தொடர்ந்திருந்தால் பெரிய வீராங்கனை ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. பார்க்க வேண்டிய கடிகாரத்தைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்தார்கள் என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக ஆறாமல் இருக்கிறது.

2015இல் அதே பறவைக்கூட்டில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. மகளிர் 100 மீட்டர் இறுதியில் நெதர்லாந்தின் டாஃப்னே ஸ்கிப்பர்ஸ், உயரம் 1.79. ஷெல்லியைவிட 27 சென்டிமீட்டர் அதிகம். ஷெல்லி 10.76, ஸ்கிப்பர்ஸ் 10.81. சில நாள் கழித்து 200 மீட்டரில் ஸ்கிப்பர்ஸ் 21.63இல் தங்கம் வென்றார். இந்த இருவரையும் உயரத்தைக் காட்டி இரண்டு பிரிவில் போட்டிருந்தால் அந்த வாரத்தின் அழகான ஓட்டம் நமக்குக் கிடைத்திருக்குமா?

ஆடவரிலும் இதே கதைதான். சீனாவின் சூ பிங்டியான் 1.72 மீட்டர். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83 ஓடி ஆசிய சாதனை படைத்தார். அந்த ஓட்டத்தில் முதல் 60 மீட்டரை அவர் கடந்த நேரம் 6.29 விநாடி. பெர்லினில் போல்ட் அதே 60 மீட்டரைக் கடந்தது 6.31இல். கடைசி 40 மீட்டரில்தான் போல்ட்டின் நீண்ட காலடி வேலை செய்கிறது. குட்டையானவர் எழுந்து சீறுவதில் சம்பாதிக்கிறார், நெட்டையானவர் பின்பாதியில் வசூலிக்கிறார்.

"குத்துச்சண்டையில் அடி விழும், அதனால் பிரிக்கிறார்கள்; எடைதூக்குதலில் யாரும் யாரையும் அடிப்பதில்லையே, அங்கே ஏன் எடைப் பிரிவு?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. எடைதூக்குதலில் சுமை வெளியே இருக்கிறது. 150 கிலோ இரும்பு எல்லோருக்கும் 150 கிலோதான். பெரிய உடம்புக்கு அது எளிது. ஓட்டத்தில் சுமை அவரவர் உடம்பு. வடிவம் மாறாமல் ஒருவர் உயரம் இரு மடங்கானால் தசையின் குறுக்குப் பரப்பு, அதாவது பலம், நான்கு மடங்கு ஆகும்; எடையோ எட்டு மடங்கு. வளர வளர உடம்பே தன் கூலியைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்தின் இயக்கத்தை ஆராயும் பீட்டர் வேயண்ட் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது: உச்ச வேகத்தில் காலைக் காற்றில் முன்னே வீச வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. வேறுபாடு, பாதம் தரையில் இருக்கும் நொடிப்பொழுதில் எடைக்கு எத்தனை மடங்கு விசையைத் தரைக்குக் கொடுக்க முடிகிறது என்பதில். முன்னணி வீரர்களுக்கு அந்தப் பொழுது விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று என்னைத் தேற்றியவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தத் தேற்றல் பிடிப்பதில்லை. ஷெல்லிக்கு எதிலும் குறை இல்லை. தரையை மற்றவர்களைவிட நன்றாக உதைத்தார், வென்றார்.

பிரிவு என்று வந்துவிட்டால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு என்னென்ன வரும் என்பதை நாம் பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்ட் 6, அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றிராத ஜப்பானின் யுயி சுசாகி உட்பட ஒரே நாளில் மூன்று பேரை வீழ்த்தி, மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிக்கு வந்தார். இரவெல்லாம் தூக்கமில்லாமல் ஓடினார், நீராவி அறையில் வியர்வை சிந்தினார், கூந்தலையும் வெட்டினார்கள். காலையில் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம். தகுதி நீக்கம். மல்யுத்தத்தில் ஒருவர் எடை இன்னொருவர் மேல் விழுகிறது, ஆகவே அங்கே பிரிவு தேவை, ஒப்புக்கொள்கிறேன். விரைவோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 1.22 மீட்டர் அகலத்தில் தனித் தடம் இருக்கிறது. யாரும் யாரையும் தொடுவதில்லை. அந்த வேதனையை இங்கேயும் ஏன் கொண்டுவர வேண்டும்? துடுப்புப் படகில் எடை குறைந்தோர் பிரிவு 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் நுழைந்தது. பாரிஸோடு அதையே எடுத்துவிட்டார்கள்.

எடை வேண்டாம், உயரம் பார்க்கலாமே என்பீர்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலையில் இருப்பதில்லை. முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை குறைகிறது. கோடு 1.75இல் என்றால் எத்தனை மணிக்கு அளப்பது? செயற்கைக் கால் பொருத்தி ஓடும் பிளேக் லீப்பரின் வழக்கு 2020இல் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. இயல்பான கால்கள் இருந்திருந்தால் அவர் எவ்வளவு உயரம் இருந்திருப்பார் என்று மன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. அந்தச் செயற்கைக் கால்கள் அவரை அதைவிட உயரமாக்குகின்றன என்று தீர்ப்பாகி, ஒலிம்பிக் வாசல் மூடியது. உயரம் உதவுகிறது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். செயற்கைக் காலின் கார்பன் பட்டை நீளம் கூடினால் எலும்பும் சதையும் கூடவே வளர்வதில்லை. சதைக்கால் நீண்டால் சுமையும் சேர்ந்தே வரும்.

என் பிடிவாதம் தளர்கிற இடம் ஒன்று உண்டு. அது அந்தத் தந்தை உட்கார்ந்திருந்த இடம்தான். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்று வயதை வைத்துப் பிரிக்கிறோம். பதின்மூன்று வயதில் ஒரு பெண் முழு வளர்ச்சியை எட்டியிருப்பாள், இன்னொருத்தி இன்னும் தொடங்கியே இருக்க மாட்டாள். வயது ஒன்று, உடம்பு வேறு. அமெரிக்க உடற்கல்வி ஆய்வாளர் மெக்லாய் 1930களிலேயே வயது, உயரம், எடை மூன்றையும் கூட்டி ஒரு குறியீட்டெண் வகுத்தார். நம் உடற்கல்விக் கல்லூரிகளின் பாடத்தில் இன்றும் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு வயதை 20 ஆலும் அங்குல உயரத்தை 6 ஆலும் பெருக்கி, பவுண்டில் எடையைக் கூட்ட வேண்டும். இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகள் உடல் முதிர்ச்சியை வைத்துச் சிறுவர்களைச் சேர்த்து ஆட விட்டுப் பார்த்தன. பயிற்சியிலும் பள்ளிக்குள் நடக்கும் ஓட்டங்களிலும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு மட்டும். உடம்பு வளர்ந்து முடிந்ததும் எல்லோரும் ஒரே கோட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பிரிவைவிட அவசரமானது வேறு. ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் ஆண்டுதோறும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சென்ற ஆண்டைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். பதின்மூன்றில் ஆறாவதாக வந்தவளைக் கால் நீளத்தைப் பார்த்து 1500க்கு அனுப்பிவிடாதீர்கள்.

அன்று அக்கா மகள் ஆறாவதுதான் வந்தாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி மைதானத்துக்கு அழைத்துப் போனாள். ஸ்டார்ட்டிங் பிளாக்கைத் தரையில் வைத்து, கோட்டிலிருந்து குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி அடி வைத்து அளந்தாள். முன்பலகைக்கு அவள் பாதத்தில் இரண்டு, பின்பலகைக்கு மூன்று. பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி விட்டுப் போயிருந்த பலகைகள் எட்டத்தில் இருந்தன. இரண்டையும் முன்னே நகர்த்திப் பூட்டிவிட்டு, "சித்தி, கைதட்டு" என்றாள்.