அந்த நாலு சதவீதத்தில் என்ன அவமானம்?

ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை இந்தத் தென்னாப்பிரிக்க டர்பனில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். வம்சம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் டி.என்.ஏ. சோதனை முடிவை ஆசையாகப் போட்டாள், அதில் நாலு சதவீதம் ஆப்பிரிக்கா என்று இருந்தது, அவ்வளவுதான். "உங்கள் குடும்பத்தில் யார் வழி தவறியது?" என்று கேட்டார்கள். "எங்களுடையது சுத்த ரத்தம்" என்றார் ஒரு பெரியவர். விடிவதற்குள் பதிவை எடுத்துவிட்டாள்.

சுத்த ரத்தம் என்று ஒன்று கிடையாது ஐயா. யாருக்கும் கிடையாது. நம் இனமே ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கண்டத்தில்தான் உருவானது. இன்றைய மனிதர்களின் வம்சத்தில் முதலில் பிரிந்த கிளைகள் இதே நாட்டுப் பழங்குடிகளான கோய்சான் மக்களுடையவை. ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய கூட்டம் வழியில் நியாண்டர்தால்கள் என்ற, இப்போது அழிந்துபோன வேற்று மனித இனத்தோடும் கலந்தது. அந்த மிச்சம் இன்னும் 2 சதவீதம்போல நம் எல்லார் உடம்பிலும் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த ஸ்வான்டே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். வேற்று மனித இனத்தோடு கலந்ததற்கு வராத வெட்கம் நாலு சதவீத ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ஏன் வருகிறது?

சரி, நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே கப்பல் ஏறுவதற்கு முன்னாலாவது சுத்தமாக இருந்தோமா? அதுவும் இல்லை. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள் என்று 2013இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும் வழக்கம் இறுகியது அதற்கப்புறம்தான்.

"அப்படியானால் தமிழன் என்றே சொல்லக் கூடாதா?" என்று வருவீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். தமிழ் அம்மா பேசி வந்தது, ரத்தத்தில் வந்ததில்லை. "சோதனையே பொய்" என்பவர்களுக்கும் ஒன்று: அந்தச் சதவீதம் இன்று வாழ்கிறவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு, மாதிரிகள் மாறினால் அதுவும் கொஞ்சம் மாறும். அது நாலோ மூன்றோ, அவளைக் கேலி செய்ய உங்களுக்கு என்ன உரிமை?

என் ஆயாவுக்குச் சுருட்டை முடி. 1950இல் வந்த இனப்பதிவுச் சட்டத்துக்கு அப்புறம், தலைமுடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா என்று பார்த்து இனம் பிரித்த காலம் அது. வெளியே கிளம்பும்போதெல்லாம் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, நெற்றித்தோல் இழுபடும்படி வாரி முடிந்து, அதற்கு மேல் முந்தானையும் போட்டுக்கொள்வார். சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. அன்று பென்சில் பிடித்தவன் வெள்ளைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பிடித்தது நாம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கண்ணு, அந்தப் பதிவைத் திரும்பப் போடு. முதல் ஆளாக என் பெயரில் நான் வந்து எழுதுகிறேன், ஆயாவின் முடி அவிழ்ந்திருக்கும் ஒரே படத்தையும் கீழே போடுகிறேன்.