எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் செவிலியர் கவனிப்பு: ஒரு திருத்தம்

எடைக் குறைப்பு அறுவை முடிந்த அன்றே நோயாளியை நடக்க வைப்பதும், தண்ணீரைச் சிறு மூடியில் அளந்து தருவதும் செவிலியர்களின் இரக்கமின்மை என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியன்று. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அக்காவுக்கு இந்த அறுவை நடந்தபோது உடனிருந்தவன் நான். பருமன் மிகுந்தவர்கள் அசையாமல் படுத்திருந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கக்கூடும் என்பதால்தான், வலியோடு இருப்பவரையும் சில மணி நேரத்திலேயே கைத்தாங்கலாக எழுப்புகிறார்கள். அக்காவுக்குச் செய்த இந்த வகை அறுவையில், இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கிய பின் எஞ்சுவது ஒரு குறுகிய குழாய்தான். அதில் ஒரு டம்ளர் நீரை ஒரே மூச்சில் குடித்தால் குமட்டலும் வாந்தியுமே மிஞ்சும். (கோபிசெட்டிபாளையத்திலிருந்து சித்தி தூக்குப்போசியில் கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சாதத்தைச் செவிலியர் வாசலிலேயே தடுத்தபோது எங்களுக்கும் கோபம் வந்தது.) நள்ளிரவில் எழுப்பி நாடி பார்ப்பதையும் அந்த நண்பர் குறை கூறுகிறார். ஆனால், இரைப்பையில் தையலிட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நிற்பது பல நேரங்களில் முதல் அறிகுறியாக இருக்கிறது. மணி அடித்தும் அரை மணி நேரம் யாரும் வராததும், உடலுக்குப் போதாத அங்கியைக் கொடுத்து "இதுதான் பெரியது" என்று சிரித்ததும் எங்கள் அனுபவத்திலும் உண்டு. குறை சொல்ல வேண்டியது அவற்றைத்தான்.